சிவாஜி எத்தனை முறை இறந்தார்?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். தொலைக்காட்சியில் ‘பாசமலர்’ ஓடிக் கொண்டிருக்கிறது. படம் முடியும் தறுவாயில் கண் பார்வை இழந்த அண்ணன் தன் தங்கையைத் தேடி வருகிறான். பாட்டி முந்தானையால் கண்ணைத் துடைத்துக் கொள்கிறார். பக்கத்தில் கைத்தொலைபேசியோடு உட்கார்ந்திருக்கும் பேரன் தலையை நிமிர்த்திக் கேட்கிறான். “ஏன் பாட்டி, சாகப் போறவரு இவ்ளோ நேரமா பேசுவாரு?”

பாட்டிக்குக் கோபம் வருகிறது. “பேசாம பாருடா” என்று அதட்டுகிறார். பேரன் சிரித்துக் கொண்டே எழுந்து போய் விடுகிறான்.

பல வீடுகளில் நடக்கும் காட்சிதான் இது. பேரனின் கேள்வியில் தவறில்லை. பாட்டியின் கண்ணீரிலும் பொய்யில்லை. அப்படியானால் அந்தக் கேள்விக்கு என்ன பதில்? நடிகர் திலகம் சிவாஜி கணேசன் 1952-இல் ‘பராசக்தி’யில் தொடங்கி 1999 வரை நடித்தவர். 280-க்கும் மேற்பட்ட படங்கள். அவற்றில் தூக்கிலே தொங்கினார், போர்க்களத்தில் வீழ்ந்தார், துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார், நஞ்சு குடித்தார், நோயில் படுத்தார், நெஞ்சு வெடித்துச் சாய்ந்தார். தமிழ்த் திரையில் இத்தனை விதமாக இறந்து காட்டிய கதாநாயகன் வேறு யார் என்று யோசித்துப் பார்த்தால் சட்டென்று ஒரு பெயர் வராது. அந்த மரணக் காட்சிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் பேரனின் கேள்விக்கும் பதில் கிடைக்கும், பாட்டியின் கண்ணீருக்கும் காரணம் விளங்கும்.

சாக மறுத்தவரும் சாகத் துணிந்தவரும்

சிவாஜியின் மரணக் காட்சிகளைப் பேசும்போது மக்கள் திலகம் எம்.ஜி.ஆரை நினைக்காமல் இருக்க முடியாது. 1956-இல் ‘மதுரை வீரன்’ படத்தில் எம்.ஜி.ஆர். இறந்தார். மக்கள் ஏற்றுக் கொண்டார்கள். மதுரை வீரன் காவல் தெய்வம். அவன் இறந்தால்தான் தெய்வமாக முடியும். ஆனால் 1962-இல் ‘பாசம்’ படத்தில் அவர் ஏற்ற பாத்திரம் இறந்தபோது ரசிகர்கள் மனம் ஒப்பவில்லை. எம்.ஜி.ஆர். வாழ வேண்டும், வெல்ல வேண்டும் என்பதுதான் அவர்களின் எதிர்பார்ப்பு. சாதாரண மனிதனுக்கு நம்பிக்கை தர ஒருவர் தேவைப்பட்டார். அந்த இடம் எம்.ஜி.ஆருடையது.

சிவாஜியின் இடம் வேறு. அவரிடம் மக்கள் எதிர்பார்த்தது அழுவதற்கு ஒரு தோள். ஆகவே அவர் சாகலாம். சொல்லப் போனால் அவர் நன்றாகச் சாக வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். ஒரு கதாநாயகனுக்கு இது சிறிய துணிச்சல் இல்லை.

அந்தத் துணிச்சல் தொடக்கத்திலேயே இருந்தது. 1954-இல் ஏவி.எம். தயாரிப்பில் எஸ். பாலச்சந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ வெளிவந்தது. பாடலே இல்லாத படம். ‘பராசக்தி’ வந்து இரண்டு ஆண்டுகூட நிறையவில்லை. சிவாஜி வேகமாக மேலே வந்து கொண்டிருந்த இளம் கதாநாயகன். அந்தப் படம் தொடங்கியவுடனே துப்பாக்கி வெடிக்கிறது. கதாநாயகன் சுருண்டு விழுந்து இறக்கிறான். 1943 அக்டோபரில் ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு வீசியதற்கு மறுநாள் நடக்கும் கதை. கொன்றது யார் என்று துப்பறியும் அதிகாரி ஒவ்வொருவராக விசாரிக்க, ஒவ்வொருவர் வாயிலாகவும் இறந்தவன் மறுபடி மறுபடி உயிர் பெற்று வருகிறான். முடிவில், அவன் எதிரிக்கு உளவு சொன்னவன் என்பதும், நாட்டுப் பற்று மிக்க மனைவியின் கையில் இருந்த துப்பாக்கியே அவனைச் சுட்டது என்பதும் தெரிய வருகிறது. முதல் காட்சியிலேயே சாவு, கடைசியில் தேசத் துரோகி என்ற பெயர்! புகழைக் காப்பாற்றிக் கொள்ள நினைக்கும் நடிகர் எவரும் எளிதில் ஒப்புக் கொள்ளும் வேடமா இது?

கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும்

இனி பேரனின் கேள்விக்கு வருவோம். சாகப் போகிறவர் ஏன் அவ்வளவு பேசுகிறார்?

சிவாஜி நாடக மேடையில் வளர்ந்தவர். சிறுவனாக இருந்தபோதே யதார்த்தம் பொன்னுசாமி பிள்ளையின் நாடகக் குழுவில் சேர்ந்து விட்டவர். அந்தக் கால நாடகக் கொட்டகையில் மண் தரையில் உட்கார்ந்திருக்கும் கடைசி வரிசைக்காரருக்கு நடிகரின் முகம் சரியாகத் தெரியாது. கண் சொருகுவதும் உதடு துடிப்பதும் அவருக்கு எட்டாது. ஒருவன் சாகிறான் என்பதை அவருக்கு உணர்த்தக் கூடியது குரல் மட்டுமே. பேசாமல் செத்தால் அவன் தூங்குகிறானா, இறந்து விட்டானா என்றே தெரியாமல் போய்விடும். ஆகவே மேடையில் சாகிறவன் பேசித்தான் ஆக வேண்டும். குரல் தழுதழுக்க வேண்டும், இடையில் இருமல் வர வேண்டும், ஒரு சொல் பாதியில் அறுந்து நிற்க வேண்டும்.

மேடையிலிருந்து திரைக்கு வந்தபோது அந்தப் பயிற்சியும் உடன் வந்தது. கலைஞர் மு. கருணாநிதி, சக்தி டி.கே. கிருஷ்ணசாமி, ஆரூர்தாஸ் போன்றவர்களின் வசனமும் சேர்ந்து கொண்டது. 1956-இல் வந்த ‘ராஜா ராணி’யில் கலைஞர் எழுதிய சாக்ரடீஸ் ஓரங்க நாடகம் இடம்பெற்றது. நஞ்சுக் கிண்ணத்தைக் கையில் ஏந்திய சாக்ரடீசாக சிவாஜி சில நிமிடங்களே வருகிறார். ஏதென்ஸ் நகரத்துக் கிழவரின் சாவு தமிழ் வசனத்தில் கேட்டவர் நெஞ்சைத் தொட்டது.

பிறகு வந்தது 1959-இன் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’. சிறு வயதில் ஊரில் பார்த்த கட்டபொம்மன் கூத்துதான் நடிகனாக வேண்டும் என்ற ஆசையைத் தனக்கு ஊட்டியதாக சிவாஜி சொல்லியிருக்கிறார். அதையே தன் சிவாஜி நாடக மன்றத்தின் மூலம் நாடகமாக்கினார். நூறு முறைக்கு மேல் மேடையேறிய பிறகே அது படமானது. அதாவது, ஒளிப்படக் கருவிக்கு முன் தூக்குக் கயிற்றைப் பார்ப்பதற்கு முன்னால் அவர் மேடையில் எத்தனையோ இரவுகள் அந்தக் கயிற்றைப் பார்த்து விட்டவர்.

உண்மையான கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16-ஆம் நாள் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். விசாரித்துத் தண்டனை வழங்கிய மேஜர் பானர்மேன் தன் மேலிடத்துக்கு எழுதிய அறிக்கையில், கட்டபொம்மன் சற்றும் அஞ்சாமல் நின்றதையும், தூக்கு மரத்துக்குப் போகும்போது இருபுறமும் நின்ற பாளையக்காரர்களை வெறுப்போடு பார்த்துக் கொண்டே உறுதியாக நடந்து சென்றதையும் குறித்து வைத்திருக்கிறார். எதிரியே எழுதி வைத்த சாட்சி அது. அந்த அறிக்கையில் நடையும் பார்வையும் உண்டு. சிவாஜி அவற்றோடு குரலையும் சேர்த்துக் கொடுத்தார். 1960-இல் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கப் பட விழாவில் சிறந்த நடிகர் விருது அவருக்குக் கிடைத்தது. பின்னாளில் கயத்தாற்றில் கட்டபொம்மனுக்குச் சிலை எழுப்பியவரும் அவரே. தான் நடித்த மரணத்துக்குத் தானே நினைவுச் சின்னம் வைத்த நடிகர் என்று சொன்னால் அது மிகையாகாது.

இந்தப் படத்தின் கதை வசனம் இசைத்தட்டாகவும் ஒலிநாடாவாகவும் வெளிவந்தது. கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் ஒலிபெருக்கியில் போட்டார்கள். படம் பார்க்காதவர்கள்கூட அந்தச் சாவைக் காதால் கேட்டார்கள். ஆக, கடைசி வரிசை என்பது கொட்டகையோடு முடிந்து போகவில்லை.

அழ இடம் கொடுத்த படம்

பேரனுக்கு இது பாதிப் பதில். பாட்டியின் கண்ணீருக்கு இன்னும் காரணம் சொல்லவில்லை.

1961-இல் ஏ. பீம்சிங் இயக்கத்தில் ‘பாசமலர்’ வெளிவந்தது. அண்ணனாக சிவாஜி, தங்கையாக சாவித்திரி. ஒன்றாக வளர்ந்து, உயர்ந்து, பிரிந்து, கடைசியில் சந்திக்கும் நேரத்தில் அண்ணனின் உயிர் போகிறது. தங்கையும் அவனோடு போய்விடுகிறாள். கதை அவ்வளவுதான். ஆனால் இந்த மண்ணில் அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் யார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

‘ரஜூலா’ போன்ற கப்பல்களில் வந்து இறங்கியவர்கள், அவர்களின் பிள்ளைகள். அண்ணன் ஊரில், தங்கை இங்கே. தாய் அங்கே, மகன் இங்கே. ஊரிலிருந்து வரும் கடிதம்தான் உறவு. ஒருநாள் கடிதம் வரும். அம்மா போய்விட்டார் என்று எழுதியிருக்கும். அது கைக்கு வந்து சேரும்போது அங்கே காரியம் முடிந்து, வந்தவர்கள் அவரவர் வீட்டுக்குப் போயிருப்பார்கள். இங்கே மறுநாள் விடிந்தால் பால்மரம் காத்திருக்கும். யாரை மடியில் போட்டு அழுவது? யாரைச் சுற்றி ஒப்பாரி வைப்பது? கடைசியாக ஒரு வார்த்தை பேச முடியவில்லையே என்ற ஏக்கத்தை எங்கே கொண்டு போய் இறக்கி வைப்பது?

அப்படிப்பட்டவர்கள் தோட்டத்துத் திடலில் வெள்ளைத் திரை கட்டிக் காட்டிய படத்தின் முன்னால் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். திரையில் ஓர் அண்ணன் சாவதற்கு முன் தங்கையிடம் எல்லாவற்றையும் பேசினான். நிதானமாக, ஒன்று விடாமல் பேசினான். அவர்களுக்கு வராத கடைசி வார்த்தை அது. சாகப் போகிறவர் இவ்வளவு நேரம் பேசுவாரா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பேச மாட்டாரா என்றுதான் இருந்திருக்கும்.

1964 பொங்கலுக்கு வந்த பி.ஆர். பந்துலுவின் ‘கர்ணன்’ இதையே புராணத்தின் உயரத்துக்குக் கொண்டு போனது. தேர்ச் சக்கரம் மண்ணில் புதைய, அம்புகள் தைத்துக் கிடக்கிறான் கர்ணன். கண்ணனாக வரும் என்.டி. ராமாராவ் முதியவர் வேடத்தில் வந்து அவன் செய்த தருமத்தின் பலனையே தானமாகக் கேட்கிறார். அதையும் கொடுக்கிறான். பின்னணியில் சீர்காழி கோவிந்தராஜனின் குரல். இந்தக் காட்சியில் சிவாஜி அதிகம் பேசவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பாட்டு பேசுகிறது, அவர் முகம் மட்டும் பதில் சொல்கிறது. பிறந்த நாளில் கைவிட்ட தாய், இறக்கும் நாளில் வந்து மகனே என்று மடியில் எடுத்துக் கொள்கிறாள். வாழும்போது கிடைக்காத உறவு சாகும்போது கிடைக்கிறது. 2012-இல் இந்தப் படத்தை நவீன முறையில் புதுப்பித்து வெளியிட்டபோது சென்னையில் 100 நாளைத் தாண்டி ஓடியது. 48 ஆண்டு கழித்தும் அந்தச் சாவு பழையதாகவில்லை.

ஒரு முகம், மூன்று துக்கம்

1969-இல் ஏ.சி. திருலோகசந்தர் இயக்கிய ‘தெய்வ மகன்’ வேறொரு சோதனை. தந்தை சங்கர், மூத்த மகன் கண்ணன், இளைய மகன் விஜய் ஆகிய மூவரும் சிவாஜியே. முகத்தில் வடுவோடு பிறந்ததற்காகத் தந்தையால் ஒதுக்கப்பட்ட கண்ணன், தன்னை அறியாத தம்பிக்காகக் குண்டடி பட்டு இறக்கிறான். இறப்பவரும் சிவாஜி, குற்ற உணர்வில் துடிக்கும் தந்தையும் சிவாஜி, திகைத்து நிற்கும் தம்பியும் சிவாஜி. கணினி வசதி இல்லாத காலத்தில் தனித்தனியாக எடுத்துப் பொருத்திய காட்சி. எதிரில் ஆள் இல்லாமலே தன் சாவுக்குத் தானே அழ வேண்டும். ஆஸ்கார் விருதுக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்ட முதல் தமிழ்ப் படம் என்ற பெருமையும் இதற்கு உண்டு.

அடுத்து வந்தவை வீட்டுச் சாவுகள். 1970-இன் ‘வியட்நாம் வீடு’ படத்தில் பணி ஓய்வு பெற்ற பிரஸ்டீஜ் பத்மநாபன். 1973-இன் ‘கௌரவம்’ படத்தில் தான் வளர்த்த பிள்ளையிடமே வழக்கில் தோற்ற பாரிஸ்டர் ரஜினிகாந்த். இவர்களைக் கொல்வது கயிறோ வாளோ இல்லை, மதிப்புப் போய்விட்டதே என்ற எண்ணம். ஓய்வு பெற்ற மறுநாளே வீட்டில் தன் நாற்காலி இடம் மாறியதைப் பார்த்த எந்தத் தந்தைக்கும் அந்த வலி புரியும்.

1974-இன் ‘தங்கப்பதக்கம்’ படத்தில் அவர் சாகவில்லை, மனைவி சாகிறாள். கடமையே பெரிதென்று வாழ்ந்த காவல்துறை அதிகாரி மனைவியின் உடல் முன் வந்து நிற்கிறார். சாகத் தெரிந்த நடிகருக்குச் சாவின் பக்கத்தில் நிற்கவும் தெரியும் என்பதற்கு அந்தக் காட்சி ஒன்றே போதும்.

பேச்சு குறைந்தது, மௌனம் பேசியது

இனிமேல்தான் பேரன் கட்டாயம் பார்க்க வேண்டிய மூன்று படங்கள் வருகின்றன.

முதலாவது, 1985-இல் பாரதிராஜாவின் ‘முதல் மரியாதை’. படம் தொடங்கும்போதே மலைச்சாமி மரணப் படுக்கையில் கிடக்கிறார். ஊரே சுற்றி நிற்கிறது. உயிர் போகாமல் இழுத்துக் கொண்டிருக்கிறது. யாருக்காகவோ காத்திருக்கிறார் என்று எல்லோருக்கும் தெரிகிறது. முழுக் கதையும் அந்தக் காத்திருப்புக்குள்ளேயே சொல்லப்படுகிறது. கடைசியில் சிறையிலிருந்து குயில் வந்து சேர்ந்த பிறகு உயிர் பிரிகிறது. கயத்தாற்றில் இடி போல முழங்கிய அதே குரல் இங்கே ஓய்ந்து கிடக்கிறது. ‘இழுத்துக்கிட்டுக் கிடக்கு, யாரையோ பார்க்கணும்னு இருக்கு’ என்று நம் வீடுகளில் பெரியவர்கள் சொல்வார்கள் அல்லவா, அதை அப்படியே திரையில் கொண்டு வந்த காட்சி.

இரண்டாவது, 1992-இன் ‘தேவர் மகன்’. கமல்ஹாசனின் திரைக்கதை, பரதனின் இயக்கம். பஞ்சாயத்தில் தம்பி மகனால் அவமானப்பட்டு வீடு திரும்பும் பெரிய தேவர், பேரப் பிள்ளைகள் விளையாடும் வீட்டில் அடங்கிப் போகிறார். நீண்ட வசனம் இல்லை, இருமல் இல்லை, மடியில் தலை வைத்துச் சொல்லும் அறிவுரை இல்லை. படத்தின் பாதியிலேயே போய்விடுகிறார். ஆனாலும் மீதிப் படம் முழுவதும் அவருடைய நிழல் விழுந்து கொண்டே இருக்கிறது. இந்த வேடத்துக்கு தேசிய விருதுக் குழு சிறப்பு விருது அறிவித்தபோது சிவாஜி அதை ஏற்கவில்லை.

மூன்றாவது, 1999-இல் கே.எஸ். ரவிகுமார் இயக்கிய ‘படையப்பா’. சொத்தையெல்லாம் தம்பிக்குக் கொடுத்துவிட்டு, வாழ்ந்த வீட்டை விட்டு வெளியேற வேண்டிய நேரம். வீட்டுத் தூணைக் கட்டிப் பிடித்துக் கொள்கிறார் அந்தத் தந்தை. அங்கேயே உயிர் போகிறது. அப்போது சிவாஜிக்கு 70 வயது. முதுமையை நடிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. தூணைப் பற்றிய அந்தக் கைகளே எல்லாவற்றையும் சொல்லி விடுகின்றன.

கட்டபொம்மன் முதல் படையப்பாவின் தந்தை வரை நாற்பது ஆண்டுகள். சிவாஜிக்கு மிகை நடிப்பு மட்டுமே தெரியும் என்று சொல்கிறவர்கள் இந்த இரண்டு சாவுகளையும் அடுத்தடுத்துப் பார்க்க வேண்டும். கொட்டகையின் கடைசி வரிசைக்காகப் பேசிச் செத்தவர், ஒளிப்படக் கருவி முகத்துக்கு அருகில் வந்துவிட்டது என்று தெரிந்ததும் பேசாமல் சாகக் கற்றுக் கொண்டார். காலத்துக்குத் தகுந்த அளவு எது என்று தெரிந்தவருக்கே அது முடியும்.

ஒத்திகை இல்லாத நாள்

2001 ஜூலை 21. சென்னை மருத்துவமனையில் சிவாஜி கணேசன் காலமானார். 72 வயது. எத்தனையோ முறை இறந்து எழுந்தவர் இம்முறை எழவில்லை. இறுதி ஊர்வலத்தைத் தொலைக்காட்சியில் பார்த்த பலர் சொந்த வீட்டுத் துக்கமாகவே அழுதார்கள். அன்று அவர் நிறைய வசனம் பேசிவிட்டுப் போகவில்லை. உண்மையான சாவு அப்படித்தான் வருகிறது.

அதை 2020-உம் 2021-உம் எல்லோருக்கும் கற்றுக் கொடுத்தன. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. ஜொகூர் பாலம் மூடியது. சிங்கப்பூரில் மகன், ஜொகூரில் தாய். இடையில் ஒரு கிலோமீட்டர் தண்ணீர், ஆனால் கடக்க முடியாது. மருத்துவமனைக் கதவுக்கு வெளியே நின்றவர்கள், கைத்தொலைபேசித் திரையில் இறுதிச் சடங்கைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்! கப்பல் காலத்துத் தாத்தாவுக்குக் கடிதத்தில் வந்த அதே துக்கம் பேரனுக்குக் கைத்தொலைபேசியில் வந்தது. வாகனம் மாறியது. கடைசி வார்த்தை அப்போதும் கிடைக்கவில்லை, இப்போதும் கிடைக்கவில்லை.

எனவே பேரனின் கேள்விக்கு முழுப் பதில் இதுதான். இல்லை தம்பி, சாகப் போகிறவர் அவ்வளவு நேரம் பேச மாட்டார். பெரும்பாலும் ஒரு வார்த்தைகூடப் பேச மாட்டார். மூச்சுக் குழாய் இருக்கும், இயந்திரத்தின் சத்தம் இருக்கும், செவிலியர் வந்து வெளியே போகச் சொல்வார். அது தெரிந்த பாட்டிதான் திரையில் ஒருவர் பேசும்போது அழுகிறார். தன்னிடம் பேசாமல் போனவர்களை நினைத்து அழுகிறார்.

அடுத்த முறை ‘பாசமலர்’ ஓடும்போது பேரன் எழுந்து போக வேண்டாம். பாட்டியின் பக்கத்தில் உட்காரட்டும். படம் முடிந்ததும் தொலைக்காட்சியை அடைத்துவிட்டு, “நீங்க யாரை நினைச்சு அழுதீங்க பாட்டி?” என்று ஒரு வார்த்தை கேட்கட்டும். பாட்டி ஊரைப் பற்றிச் சொல்வார், கப்பலைப் பற்றிச் சொல்வார், தான் பார்க்காமலே போன அண்ணனைப் பற்றிச் சொல்வார். சிவாஜி கடைசி மூச்சில் பேசியதை நம் வீடுகளில் மூச்சு நன்றாக இருக்கும்போதே பேசிக் கொள்ளலாம்.